ஆளில்லா விமானத்துக்கு ஆள் எங்கே?



தாதரில் வண்டியேறி ஊருக்குப் போகிற நாம் மறுநாள் அரக்கோணம் ஜங்ஷனைத் தாண்டிப் போகிறோம். அந்த ஊரில்தான் கடற்படையின் ராஜாளி விமானதளம் இருக்கிறது. 2020 நவம்பரில் இரண்டு அமெரிக்க ஆளில்லா விமானங்கள் அங்கே குத்தகைக்கு வந்தன. ஒன்று கோளாறாகி, 2024 செப்டம்பர் 18-ல் சென்னைக்கு அப்பால் கடலில் இறக்கப்பட்டது. மறுமாதமே, அக்டோபர் 15-ல், அதே கம்பெனி செய்கிற 31 விமானங்களுக்கு டில்லி கையெழுத்துப் போட்டது. ஏறத்தாழ 350 கோடி டாலர்!

விலையைப் பற்றி எதிர்க்கட்சிகள் 2023-லேயே கேட்டுவிட்டன. நான் கேட்பது பங்கீட்டைப் பற்றி.

முதலில் பேசப்பட்ட கணக்கு, படைக்குப் பத்து, ஆக முப்பது. பங்காளிகள் தென்னந்தோப்பைப் பிரித்த மாதிரி! பிறகு கடற்படைக்கு 15, தரைப்படைக்கு 8, விமானப்படைக்கு 8 என்று மாறியது. கடல் பெரிது, கடற்படைக்குக் கூடுதல் என்றால் ஒப்புக்கொள்ளலாம். கிழக்குக் கடலுக்கு அரக்கோணம், மேற்குக் கடலுக்குப் போர்பந்தர், வடக்கு எல்லைக்கு சர்சாவாவும் கோரக்பூரும் என்று ஊரும் குறித்தார்கள். எந்திரத்துக்கு ஊர் குறித்தவர்கள் ஆளுக்கு என்ன குறித்தார்கள்?

"அதுதான் ஆளில்லா விமானமாயிற்றே" என்று சிரிக்காதீர்கள். பெயர்தான் அப்படி. தரையில் அறைக்குள் உட்கார்ந்து ஓட்ட ஒரு பைலட், காமிராவையும் ரேடாரையும் பார்க்க ஒருவர், வந்த படத்தைப் படித்துச் சொல்ல சிலர், பழுது பார்க்க ஒரு கூட்டம் வேண்டும். அது ஒரே மூச்சில் 30 மணி நேரத்துக்கு மேல் பறக்கும். மனிதன் அவ்வளவு நேரம் கண்விழித்திருப்பானா?

டிரைவருக்கும் கார்டுக்கும் டூட்டி போடுகிற ஆபீசில் வருஷக்கணக்காகப் பதிவேடு எழுதியவன் நான். எஞ்சின் இரவும் பகலும் ஓடும், டிரைவர் ஓடமாட்டார். லிங்க் போட்டு, ரெஸ்ட் கொடுத்து, லீவ் ரிசர்வும் சேர்த்து எண்ணினால்தான் எஞ்சினுக்கு எத்தனை ஆள் என்று தெரியும். அது குறைந்தால் எஞ்சின் யார்டில் நிற்கும். இல்லாவிட்டால் தூங்கி வழிகிறவன் கையில் ஓடும். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

இந்த விமானம் பிறந்த நாட்டின் கதையும் இதுதான். ஒரு இடத்தை இருபத்துநாலு மணி நேரமும் விடாமல் கண்காணிக்க 10 பைலட் தேவை என்று 2008-ல் அமெரிக்க விமானப்படையே கணக்குப் போட்டது. ஆனால் அதற்குக் குறைந்த ஆளை வைத்துத்தான் ஓட்டியது. வட்டாரத் தளபதிகளோ 'எனக்கு இன்னும் வேண்டும்' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பைலட்டுகள் களைத்துப்போய் வேலையை விட்டார்கள். கடைசியில் 2015-ல் தினசரி ரோந்தை 65-லிருந்து 60-ஆகக் குறைக்க வேண்டி வந்தது. விமானத்துக்குப் பஞ்சமில்லை, ஆளுக்குத்தான் பஞ்சம். சம்பளத்தையும் கூட்ட வேண்டி வந்தது.

நம் ஆட்சியாளர்கள் இதைப் படிக்கவில்லையா? சர்சாவாவிலும் கோரக்பூரிலும் இரண்டு படைகளின் விமானமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கப்போகிறது. அங்கே ஆளுக்கொரு பயிற்சி, ஆளுக்கொரு பைலட் பட்டியல் எதற்கு? முப்படையையும் ஒன்றாகப் பார்க்க 2019-ல் தலைமைத் தளபதி என்று ஒரு பதவியே உண்டாக்கினார்களே! ஆளை ஒரே பட்டியலில் வைத்து, எந்த எல்லையில் தேவையோ அங்கே அனுப்ப வேண்டியதுதானே?

இன்னொன்று. நாலு வருஷத்தில் வீட்டுக்கு அனுப்பி, நூற்றுக்கு 25 பேர் வரைதான் வைத்துக்கொள்வோம் என்ற அக்னிபத் திட்டத்தை 2022-ல் கொண்டுவந்ததும் இதே அரசுதான். இத்தனை நுட்பமான எந்திரத்தில் ஒரு கை நாலு வருஷத்திலா பழகும்? பழகியவனை அனுப்பிவிட்டு, அந்த வேலையையும் கம்பெனிக்குக் காண்டிராக்ட் விடுவார்களா? நம் சால்களில் ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

விமானங்கள் 2029-ல்தான் வரத் தொடங்கும் என்று செய்தி வந்தது. ஆள் தயாரிக்க அவகாசம் இருக்கிறது. ஒவ்வொரு தளத்துக்கும் எத்தனை நிரந்தரப் பணியிடம், ஒரு ஆளுக்கு எத்தனை மணி டூட்டி, எத்தனை ரிசர்வ் என்று பாராளுமன்றத்தில் கேட்கச் சொல்லி நம் எம்.பி.க்கு மனு எழுதியிருக்கிறோம். தாள் சங்க அலுவலக மேஜைமேல் இருக்கிறது. ஞாயிறு மாலை வருகிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.