ஸ்டிக்கரை நம்பிய பீரங்கி
கம்பத்தில் தோட்டத்து மோட்டாருக்குப் பேரிங் வாங்கும் விவசாயிகூட "ஒரிஜினல்தானா?" என்று நாலு தடவை கேட்டுவிட்டுத்தான் காசை எடுப்பார். தனுஷ் பீரங்கிக்குப் பேரிங் வாங்கியவர்கள் கேட்டார்களா? (உள்நாட்டுப் பீரங்கிக்கு ஏன் ஜெர்மன் பேரிங் என்பது தனிக்கதை!)

ஜபல்பூர் பீரங்கித் தொழிற்சாலைக்கு 'மேட் இன் ஜெர்மனி' என்று வந்தவை சீனச் சரக்கு என்று 2017-ல் சிபிஐ வழக்குப் போட்டது. உடனே எல்லோரும் சப்ளை செய்த டெல்லி நிறுவனத்தைத் திட்டினார்கள். சரி, வாங்கியவர்கள்? அளவு சரியில்லாமல் இருந்தும் பேரிங்குகளை ஏற்றுக்கொண்டார்கள் என்பதும் அதே வழக்கின் குற்றச்சாட்டுதான்.

அமெரிக்காவில் இறக்குமதி பாகங்களை வைத்துச் சில வகைத் துப்பாக்கிகளை அசெம்பிள் செய்கிற தனிமனிதன், வெளிநாட்டு பாகங்கள் 10-க்கு மேல் போகாமல் தானே எண்ணிக்கொள்ள வேண்டும். தவறினால் குற்றம் அவன் மேல். இங்கே ஒரு அரசுத் தொழிற்சாலை ஜெர்மன் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு விசாரித்திருக்கக் கூடாதா?