முதலில் பில்லை எடுங்கள்

மூன்று கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம், கரண்ட் பில் சைபர். வாசலில் வந்து விழும் சோலார் துண்டறிக்கைகள் எல்லாம் இந்த ஒரே பல்லவியைத்தான் பாடுகின்றன. மானியத் தொகையில் பொய்யில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய் கிடைக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மானியம் கூடாது. விற்பனையாளர் மூன்றிலேயே பிடிவாதமாக நிற்பது இதனால்தான். உங்கள் வீட்டுத் தேவைக்கும் அந்த மூன்றுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

தேவையைச் சொல்லக்கூடியது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டண பில்தான். தமிழ்நாட்டில் 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் திருத்திய கட்டணப்படி, சிக்கனமான வீட்டுக்கு அடுத்த நூறு யூனிட் இரண்டரை ரூபாய்க்கும் குறைவு. 500 யூனிட்டைத் தாண்டினாலோ யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல். 600ஐத் தாண்டினால் ஒன்பதுக்கும் மேல். போதாக்குறைக்கு, 500ஐத் தாண்டிய வீட்டுக்கு அந்த இரண்டாவது நூறின் மலிவு விலையும் பறிபோகிறது. ஒரே மாடி, ஒரே வெயில், ஒரே பலகை. ஆனால் அது தரும் ஒரு யூனிட் ஒரு வீட்டில் இரண்டு ரூபாய் பெறும், எதிர்வீட்டில் ஒன்பது ரூபாய் பெறும்.

ஒரு கிலோவாட் பலகை இங்கே நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும்; இரண்டு மாதத்துக்கு 240. இப்போது 200 யூனிட் செலவழிக்கும் வீட்டைப் பாருங்கள். அதன் பில் 240 ரூபாய்கூட வராது. மானியம் போக 40,000 ரூபாய் கைக்காசு என்று வைத்துக்கொண்டால், பில் முழுவதும் ஒழிந்தாலும் போட்ட காசு திரும்ப 28 ஆண்டுகள் பிடிக்கும். பலகையின் ஆயுளே 25 ஆண்டுகள்தான். நடுவில் இன்வெர்ட்டரை வேறு ஒருமுறையாவது மாற்ற வேண்டிவரும். அந்தக் காசை அஞ்சலகத்தில் போட்டுவைக்கலாம்.

இரண்டு ஏ.சி. ஓடும் வீடு 700 யூனிட் செலவழித்தால் பில் 3,800 ரூபாயைத் தொடும். இரண்டு கிலோவாட் போட்டால் மின்வாரியத்திடம் வாங்குவது 220 யூனிட்டாகக் குறைந்து, பில் முந்நூற்றுச் சொச்சத்தில் நிற்கும். கைக்காசு 80,000 என்றாலும் நான்கைந்து ஆண்டுகளில் முதல் திரும்பிவிடும். இந்த வீட்டுக்காரர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தால் தாமதம்தான் நஷ்டம். ஆனால் இவருக்கும் மூன்றாவது கிலோவாட் வேண்டியதில்லை. இலவசமாக வரும் நூறு யூனிட்டையும் அடுத்துள்ள மலிவான நூறையும் ஈடுகட்டக் காசு கொடுத்துப் பலகை வாங்குவானேன்? மேல்படிகளைச் சீவினால் போதும்.

விற்பவர்கள் வாய் திறக்காத இன்னொரு சங்கதி மின்வெட்டு. பேட்டரி இல்லாத சோலார், தெருவில் கரண்ட் போனால் நண்பகல் வெயிலிலும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஊழியர் மேல் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாதென்று அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள், சரியான ஏற்பாடு. ஆனால் கரண்ட் போகாது என்று நம்பி வாங்கியவருக்கு இது முதல் மின்வெட்டில்தான் தெரியவருகிறது. பேட்டரி சேர்த்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் தலைகீழ்.

மாடியையும் பார்க்க வேண்டும். கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி, அதுவும் நிழல் விழாத இடம். தென்னையோ தண்ணீர்த் தொட்டியோ நிழல் போட்டால் உற்பத்தி சரியும். அக்னி நட்சத்திரத்தில் கொட்டும் என்பதும் தப்புக்கணக்கு. பலகைக்கு வேண்டியது வெளிச்சம். சூடு ஏறினால் அதன் திறன் இறங்கும்.

இதையெல்லாம் வாங்குபவரே தேடித் தெரிந்துகொள்ளட்டும் என்று அரசு விட்டுவிடக் கூடாது. ஒரு கோடி வீடு என்ற இலக்கை நோக்கி ஓடுகிற அவசரத்தில், பொருந்தாத வீடுகளும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். ஒவ்வொரு இணைப்பின் பழைய ரீடிங்கும் மின்வாரியத்தின் கணினியில் கிடக்கிறது. சோலாருக்கு விண்ணப்பம் வந்ததும் ஓராண்டு ரீடிங்கை வைத்து, எத்தனை கிலோவாட் பொருந்தும், எத்தனை ஆண்டில் முதல் திரும்பும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டு, நிறுவனத்துக்கு முன்பணம் போவதற்கு முன்பே அதை வீட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும். மின்வெட்டின்போது சோலார் வேலை செய்யுமா என்பதை விலைப்புள்ளியில் தமிழில் எழுதுவதும் கட்டாயமாக வேண்டும். 200 யூனிட் வீட்டுக்காரர் கைக்கு வரும் தாளில் ‘உங்களுக்கு இப்போது தேவையில்லை’ என்றே வாரியம் எழுதட்டும்.