பொன்னாச்சி மூடிய கண்

தாம்பரத்தினின்று படப்பை வழியாக ஒரகடம் செல்லும் சாலையில் விடியற்காலையில் நின்றோர் ஒரு காட்சியை அறிவர். இரவு ஷிப்டு முடிந்த ஆலை மகளிரைச் சுமந்து கம்பெனிப் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சன்னற் கண்ணாடியில் சாய்ந்த தலைகள். வாய் சற்றே திறந்தபடி உறங்கும் முகங்கள். கன்னத்தில் முகமூடியின் நாடா அழுந்திய தடம். அம்முகங்களை அழகியவை என்று எவரும் சொல்லக் கேட்டிலோம். யாமும் சொன்னதில்லை. அப்பஸ்கள் வரின் வேறு பக்கம் நோக்குவதே சென்ற ஆண்டு வரையில் எம் வழக்கமாயிருந்தது. அதன் காரணம் எமக்குப் பெருமை தருவதன்று, பின்னர்ச் சொல்வோம்.

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பது நம்மிடை வழங்கும் பழமொழி. அதனோடு சிறிது வழக்காடவே ஈண்டுப் புகுந்தோம். பாட்டியர் வாய்மொழியைப் பத்தொன்பது வயதினர் மறுப்பது துடுக்கு என்பீர், ஆகுக. மகிழ்ச்சியும் சினமும் முகத்திற் புலப்படும் என்ற அளவில் அப்பழமொழியை யாமும் மறுக்கவில்லை. ஆனால் உலகம் அதனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டது. முகம் பொலிவற்றதாயின் அகமும் அத்தகையதே என்று தீர்ப்பளிக்க அஃதொரு சான்றாயிற்று. பெண் பார்க்க வருவோர் காப்பி ஆறுமுன் முடிவு சொல்லிவிடுகின்றனர். அவ்வளவு விரைவாகப் படிக்கத்தக்க நூலோ ஒருவர் அகம்?

எம் கருத்து இது: அகத்தின் அழகு முகத்தில் தெரிவதன்று, கையில் தெரிவது. அதுவும், பார்ப்பார் எவருமில்லை என்று எண்ணும்போது கை என்ன செய்கிறது என்பதில் தெரிவது.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஒரகடத்திற்கு அணித்தே உள்ள ஸ்ரீபெரும்புதூர் இராமாநுசர் பிறந்த ஊர். அவர் தோற்றம் 1017ஆம் ஆண்டு என்பது வைணவர் மரபு. அவர் அடியாருள் ஒருவர் பிள்ளை உறங்காவில்லி தாசர். உறையூரில் மல்லராய் விளங்கிய அவர் தம் மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் அறிவிழந்தவர். திருவரங்கத் திருவிழாக் கூட்டத்தில், வெயில் அவள் கண்ணிற் படாதவாறு குடை பிடித்து, ஊரார் நகைப்பதையும் பொருட்படுத்தாது அவர் நடந்தாராம். இராமாநுசர் அவரை அழைத்து, இதனினும் அழகிய கண்களைக் காட்டுவேன் என்று அரங்கன் திருமுன் நிறுத்தினார், மல்லர் அடியாரானார். பலரும் கதையை இவ்வளவில் நிறுத்திவிடுகின்றனர். எமக்கோ இதன் பிற்பகுதியே இனிது.

குலத்தாற் செருக்குற்ற சில சீடர்க்கு மல்லர் குடும்பத்தின் மேன்மையை உணர்த்த விரும்பிய ஆசாரியர், ஓரிரவு தாசரைத் தம்மோடு பேச இருத்திக்கொண்டு, அச்சீடரைப் பொன்னாச்சியின் நகைகளைக் கவர்ந்துவர அனுப்பினார். அவள் படுத்திருந்தாள், உறங்கவில்லை. வந்தவர் வைணவர் என்று கண்டாள். வறுமையால் வந்தனர் போலும் என்று எண்ணி, உறங்குவாள்போற் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு பக்கத்து நகைகளைக் கழற்றி முடித்தனர். மறு பக்கத்தையும் கொள்ளட்டும் என்று அவள் மெல்லப் புரண்டாள். விழித்தாள் என்றஞ்சி அவர்கள் ஓடினர். வீடு திரும்பிய கணவர், நீ புரண்டதன்றோ அவர்களை வெருட்டியது, என் பொருளை யான் கொடுக்கிறேன் என்னும் எண்ணம் உன்னிடம் இருந்ததன்றோ என்று கடிந்துகொண்டார் என்பர். இவ்விடத்தில் யாம் தாசர் பக்கம் நில்லோம். நகையை இழந்தவளையே கடிவது சற்று மிகையென்றே தோன்றுகிறது.

ஊரெல்லாம் புகழ்ந்த கண் அவளுடையது. அவள் பேரழகு வெளிப்பட்ட வேளையிலோ அக்கண் மூடியிருந்தது. இருளில் கள்ளர்க்காக ஒருமுறை புரண்டுகொடுத்த அந்த உடலசைவே ஆயிரம் ஆண்டுகளின் பின்னும் அவள் பெயரை நம் நாவில் வைத்திருக்கிறது. அவள் கண் எத்தகையது என்று இன்று யார் அறிவார்?

நிற்க. இராமாநுசர் பிறந்த ஊரைச் சூழ்ந்து இன்று வேறோர் உலகம் எழுந்துள்ளது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. அதன்பின் சுங்குவார்சத்திரத்தில் கைபேசி ஆலைகளும் ஒரகடத்தில் ஊர்தி ஆலைகளும் பெருகின. மின்னணு ஆலைகளில் பணிபுரிவோர் பெரும்பாலும் இளமகளிர். மேலுடலை மறைக்கும் அங்கி, கூந்தலுக்கு உறை, வாய்க்கு மூடி. கண்ணொன்றே வெளியில் தெரியும். ஆயிரம் பேர் வரிசையில் நின்றால் அழகி இவள், அல்லாதவள் இவள் என்று பிரித்தறிய வழியில்லை.

2021ஆம் ஆண்டு டிசம்பரில் நிகழ்ந்தது பலர்க்கும் நினைவிருக்கும். ஐபோன்களைப் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையின் மகளிர் தங்கிய விடுதியொன்றில் உணவு நஞ்சாயிற்று. இருநூற்றைம்பதின்மருக்கு மேல் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். சென்றவர் என்ன ஆயினர் என்று விடுதியில் எஞ்சியோர்க்குத் தெளிவாகச் சொல்வாரில்லை. சிலர் இறந்தனர் என்றொரு வதந்தி பரவிற்று. டிசம்பர் 17 அன்று ஏறத்தாழ ஈராயிரம் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்துவிட்டனர். மறுநாள் அருகிலிருந்த ஆலைகளின் ஆடவரும் வந்து சேர்ந்தனர். போலீசார் அறுபத்தேழு பெண்களைப் பிடித்துவைத்தனர். இறந்தார் எவருமில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. விடுதிகளிற் சில தம் விதிகட்கு ஒத்திருக்கவில்லை என்று ஆப்பிள் நிறுவனமும் ஒப்புக்கொண்டது. மூடிய ஆலை 2022 சனவரியிலேதான் திறந்தது.

கூலி உயர்வுக்காக எழுந்த கூட்டமன்று அது. எங்கள் தோழிமார் எங்கே என்று கேட்ட கூட்டம். ஊர்விட்டு ஊர் வந்து, ஓரறையில் பலராய்ப் படுத்து, ஒருவர் பெயர் ஒருவர்க்குச் சில திங்களாகவே தெரிந்த பெண்கள், பக்கத்துப் பாய் வெறுமையாயிருப்பது பொறாமல் மார்கழிப் பனியில் தார்ச்சாலையில் அமர்ந்தனர். சாலையை மறித்தது முறையோ என்று வினவுவோர் உளர். அவசரமாகச் சென்றோர் அன்று அல்லலுற்றதும் மெய்யே. ஆயினும் அழகென்று ஒன்று உண்டானால் அஃது அன்றிரவு அச்சாலையில் இருந்தது என்று யாம் துணிந்து சொல்வோம்.

இனி, மேனியழகு ஒரு பொருளே அன்று என்று சாதிக்க யாம் விரும்பவில்லை, அது பொய்த்துறவு. ஈசாயின் இல்லத்திற்குச் சென்ற சாமுவேல் தீர்க்கதரிசி மூத்த மகனின் உயரத்தைக் கண்டு மயங்கியதையும், முகத்தைப் பாராதே என்று ஆண்டவர் தடுத்ததையும் ஞாயிறு பள்ளியில் படித்தோம். ஆனால் தாவீது வந்து நின்றதும், அவனும் பார்வைக்கு இனியவனே என்று அவ்வேதப் பகுதியே சொல்லிவிடுகிறது! சிறுவயதில் இஃது எமக்குச் சிறிது ஏமாற்றமாயிருந்தது. நம் நளன் கதை இன்னும் துணிவுடையது. கார்க்கோடகன் தீண்டி உருவிழந்து வாகுகன் என்னும் பெயரோடு மடைத்தொழில் செய்தவனைத் தமயந்தி இன்னானென்று தெளிந்தது முகத்தாலன்று. அவன் சமைத்த உணவாலும் பிள்ளைகளைக் கண்டு அவன் கலங்கியதாலும். முகம் முற்றும் பொய்த்த இடத்தும் கை பொய்க்கவில்லை.

இப்பொழுது எம் காரணத்தைச் சொல்லவேண்டும். எம் தமக்கையார் ஒரகடத்தை அடுத்த ஓர் ஆலையில் பணிபுரிகிறார். கரிய நிறம், முகமூடி இடைவிடாது அழுந்தியதால் கன்னமெங்கும் பரு. பெண் பார்க்க வந்தோர் இருமுறை 'நிறம் சற்று மட்டு' என்று சொல்லிச் சென்றனர். அவர் அறையில் பூச்சுக் குழலொன்று எப்போதும் உண்டு. 1975இல் 'ஃபேர் அண்டு லவ்லி' என்று வந்து, 2020இல் 'ஃபேர்' என்னும் சொல்லை மட்டும் உதிர்த்துக்கொண்ட அதே குழல். சென்ற ஆண்டு எமது பரீட்சைப் பணத்தைக் கொடுக்க இரவு ஷிப்டு முடித்து நேரே கல்லூரிக்கு வந்தார். யூனிபாரம் கசங்கியிருந்தது, கண் சிவந்திருந்தது. உடன் நின்ற நண்பர்கள், யார் என்று வினவினர். 'எங்கள் ஊரார் ஒருவர்' என்றோம். அவர் காதில் விழுந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு, தேநீரும் அருந்தாமல் சென்றார். அன்று சேவல் ஒன்றும் கூவவில்லை, கூவியிருந்தால் நன்றாயிருக்கும்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் தமக்கையாருடன் பணிபுரியும் தென்மாவட்டத்துப் பெண்ணொருத்தி எம் இல்லம் வந்தாள். அவர்கள் வரிசையில் இடத்தைவிட்டு அகல வேண்டுமானால் மாற்றாள் வந்து நிற்க வேண்டும். அம்மாற்றாள் ஒருவர்க்கு உரிய முறையில்தான் வருவார். புதிதாய்ச் சேர்ந்து தலைசுற்றலால் வருந்திய அவளுக்குத் தமக்கையார் ஏறத்தாழ ஒரு திங்கள் தம் முறையை விட்டுக்கொடுத்தாராம். அவரோ எட்டு மணி நேரமும் நின்றபடியே இருந்தார். மேற்பார்வையாளர் அறியார், வீட்டாராகிய யாமும் அறியோம். அவள் சொல்லிக்கொண்டிருக்கையில் தமக்கையார் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தார்.

இரவு அவரிடம் வினவினோம். 'அவளுக்குத் தலை சுற்றிற்று, எனக்குச் சுற்றவில்லை. இதில் என்ன இருக்கிறது தம்பி?' என்றார். கல்லூரி வாயிலில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தோம். 'படுத்துக்கொள், காலையில் பஸ் பிடிக்க வேண்டும்' என்று விளக்கை அணைத்துவிட்டார். அவர் உறங்கினாரோ, உறங்குவார்போற் கண்ணை மூடிக்கொண்டாரோ, இருளில் எமக்குத் தெரியவில்லை.