வீடு வாங்கி மூணே வருஷத்துல விரிசல்... சரிசெய்ய வேண்டியது பில்டரா, அசோசியேஷனா? 'ரேரா' சட்டம் சொல்வது என்ன?

மழை தொடங்கிவிட்டால் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான படங்கள்தான் வரிசைகட்டும். படுக்கையறை மூலையில் ஈரத்திட்டு, பால்கனி சீலிங்கில் உதிர்ந்த பூச்சு, அதற்குள் எட்டிப்பார்க்கும் துருப்பிடித்த கம்பி. வீட்டுக் கடனில் இன்னும் 15 வருஷ இஎம்ஐ பாக்கி இருக்கும். பில்டருக்கு போன் போட்டால், "அது மெயின்டனன்ஸ் பிரச்சினை சார், அசோசியேஷன்ல பேசிக்கோங்க" என்று பதில் வரும்.

அந்தப் பதில் சட்டப்படி சரியா? பெரும்பாலும் இல்லை.

குருகிராமில் நடந்தது என்ன?

2022 பிப்ரவரி 10. ஹரியானா மாநிலம் குருகிராமின் 109-வது செக்டாரில் உள்ள சின்டெல்ஸ் பாரடைசோ குடியிருப்பின் 'டி' டவரில், ஆறாவது மாடி வீட்டின் தளம் சரிந்தது. அந்த எடை கீழ்த்தளத்தில் விழ, அதுவும் சரிய, முதல் மாடி வரை அடுத்தடுத்து இறங்கியது. இரண்டு பெண்கள் உயிரிழந்தனர்.

அப்போது ஆறாவது மாடி வீட்டில் புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. கட்டுமான நிறுவனத் தரப்பு முதலில் கைகாட்டியது அந்த வேலையைத்தான். ஆனால் கட்டடத்தை ஆய்வு செய்த டெல்லி ஐஐடி குழு சொன்னது வேறு. கான்கிரீட்டில் குளோரைடு கலந்திருக்கிறது, அதனால் கம்பிகள் வேகமாக அரித்துப்போயிருக்கின்றன, இந்த டவரைப் பழுதுபார்த்துப் பயன்படுத்த முடியாது என்றது அறிக்கை. அதன் பிறகு டவரை இடிக்க மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டது. அதே வளாகத்தின் வேறு சில டவர்களும் பாதுகாப்பற்றவை என அடுத்தடுத்து அறிவிக்கப்பட்டன.

குளோரைடின் குணம் அப்படி. வீட்டைக் கையில் வாங்கும் அன்று எதுவுமே தெரியாது. கம்பி உள்ளுக்குள் துருப்பிடிக்கும், துரு கம்பியை விட அதிக இடத்தை அடைக்கும், அந்த நெருக்கத்தில் கான்கிரீட் வெடித்து உதிரும். நாம் 'பூச்சு உதிருது' என்று சாதாரணமாகச் சொல்வது சில சமயம் இதன் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

சட்டத்தில் எங்கே இருக்கிறது?

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் பலியானபோது 'ரேரா' என்று ஒரு சட்டமே கிடையாது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் 2016-ல் நிறைவேறியது. வீடு வாங்குவோருக்கான முக்கியப் பிரிவுகள் 2017 மே 1 முதல் அமலுக்கு வந்தன.

அதில் 14-வது பிரிவின் 3-வது உட்பிரிவுதான் இங்கே விஷயம். கட்டமைப்புக் குறை, வேலைத்தரம், பொருள்தரம், வசதிகளில் குறை என எதுவாக இருந்தாலும், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் சுட்டிக்காட்டினால், 30 நாளில் பில்டர் சொந்தச் செலவில் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம்.

கவனிக்க வேண்டிய வார்த்தை 'சுட்டிக்காட்டினால்'. ஐந்து வருஷத்துக்குள் வழக்கு போட்டே ஆக வேண்டும் என்று இந்தப் பிரிவு சொல்லவில்லை. பில்டரின் கவனத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்கிறது. அதனால்தான் போனில் சொல்வதும், சைட் இன்ஜினியரிடம் காட்டிவிட்டு வருவதும் போதாது. தேதியோடு மின்னஞ்சல், பதிவுத் தபால், படங்கள் என ஏதாவது கையில் இருக்கணும். வீட்டை ஒப்படைத்த கடிதமும் அதே ஃபைலில் இருப்பது நல்லது. ஐந்து வருஷக் கணக்கு ஆரம்பிப்பதே அந்தத் தேதியில்தான். ஒப்பந்தத்தில் 'குறைபாட்டுப் பொறுப்பு ஓராண்டு மட்டும்' என்று எழுதி கையெழுத்து வாங்கியிருந்தாலும், சட்டம் தந்த ஐந்து வருஷத்தை அது குறைத்துவிடாது.

செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்கும் இது பொருந்துமா? பொருந்தும். முதலில் வாங்கியவரிடமிருந்து கிரயம் பெற்றவரையும் 'ஒதுக்கீடு பெற்றவர்' என்றே சட்டம் சொல்கிறது. வாடகைக்கு இருப்பவர் மட்டும் இதில் வரமாட்டார். ஆனால் கடிகாரம் புதிதாக ஓட ஆரம்பிக்காது. நாலு வருஷப் பழைய ஃபிளாட்டை வாங்கினால் மீதி ஒரு வருஷம்தான் கணக்கு.

'நான் நிலம் மட்டும்தான் கொடுத்தேன்'

சென்னையில் பல குடியிருப்புகள் ஜாயின்ட் வென்ச்சர் முறையில் எழும்புபவை. நிலம் ஒருவருடையது, கட்டுபவர் இன்னொருவர், வீடுகளில் ஆளுக்குப் பாதி. பிரச்சினை வந்தால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். கட்டுபவரும் விற்பவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால் இருவரையுமே 'புரமோட்டர்' என்று கருத வேண்டும், இருவருக்கும் கூட்டுப் பொறுப்பு உண்டு என்கிறது ரேரா. மேஸ்திரி சரியில்லை, சப் கான்ட்ராக்டர் ஏமாற்றிவிட்டார் என்பதெல்லாம் அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு.

பில்டர் தரப்பின் வாதம் எப்போதும் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. சுவரை இடித்து ஹாலைப் பெரிதாக்கியது, பாத்ரூமை இடம் மாற்றியது, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் கசிவை வருஷக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்டது என்று குடியிருப்பவர்கள் பக்கமும் தவறுகள் உண்டு. எது காரணம் என்பதை வெறும் போட்டோ நிரூபிக்காது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரின் அறிக்கை, தேவைப்பட்டால் கான்கிரீட்டைத் துளைத்து மாதிரி எடுக்கும் கோர் டெஸ்ட், இதெல்லாம் செலவு வைக்கும். தனி ஆளாகச் செய்வதைவிட அசோசியேஷனாகச் சேர்ந்து செய்தால் ஒரு வீட்டுக்கு விழும் தொகை குறையும்.

எங்கே போவது?

தமிழ்நாடு ரேராவில் இரண்டு வாசல்கள். பழுதைச் சரிசெய்ய உத்தரவு வேண்டுமென்றால் ஆணையத்திடம் படிவம் 'எம்'. இழப்பீடு வேண்டுமென்றால் தீர்ப்பளிக்கும் அதிகாரியிடம் படிவம் 'என்'. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரே மனுவில் எல்லாவற்றையும் கேட்டால் அலைச்சல்தான் மிச்சம்.

நுகர்வோர் நீதிமன்றமும் திறந்தே இருக்கிறது. ரேரா வந்துவிட்டதால் அந்த வழி அடைபடவில்லை என்று 2020 நவம்பரில் இம்பீரியா ஸ்ட்ரக்சர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. அங்கே காலவரம்பு பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம்.

ரேராவில் பதிவு செய்யாத சிறிய கட்டடங்களில் வாங்கியவர்களுக்கு இந்த வழி ரொம்ப முக்கியம். 500 சதுர மீட்டருக்குள் இருக்கும் இடத்தில், எட்டு வீட்டுக்குள் கட்டினால் பதிவு கட்டாயமில்லை. சென்னைக் கணக்கில் இரண்டு கிரவுண்டு என்பது சுமார் 446 சதுர மீட்டர். தெருவுக்குத் தெரு பழைய தனி வீட்டை இடித்து எழும்பும் ஆறு வீட்டுக் கட்டடங்களில் எத்தனை இந்த விலக்குக்குள் அடங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உத்தரவு வந்தால் பணம் வந்துவிடுமா?

இங்கேதான் சறுக்கல். பில்டர் மேல்முறையீடு போக வேண்டுமென்றால், வாங்கியவருக்குத் தரச் சொன்ன தொகை முழுவதையும் வட்டியோடு முதலில் கட்டியாக வேண்டும். இந்த விதி உண்மையிலேயே பலமானது. ஆனால் மேல்முறையீடும் போகாமல், பணமும் தராமல் சும்மா இருந்துவிட்டால்? நில வருவாய் பாக்கியைப் போல அதை வசூலிக்கலாம் என்கிறது 40-வது பிரிவு. அதாவது ரேராவில் ஜெயித்த பிறகு கோப்பு வருவாய்த் துறைக்குப் போகும். ஜப்தி செய்யும் அளவுக்கு அந்த நிறுவனத்தின் பெயரில் அப்போது என்ன சொத்து மிச்சமிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கைக்கு வரும் தொகை.

ஐந்து வருஷம் கடந்து வெளியே தெரியும் குறைகளுக்கு 14-வது பிரிவு நேரடியாகக் கைகொடுக்காது. குறையை வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நிரூபித்தால், மோசடி தெரியவந்த நாளிலிருந்து காலத்தைக் கணக்கிட காலவரம்புச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் நிரூபிக்கும் சுமை வாங்கியவர் தலையில்தான். ஒப்படைப்பு நாளிலிருந்து நாலரை வருஷம் ஆகியிருந்தால், அசோசியேஷன் ஒரு பொறியாளரை அழைத்து மொட்டை மாடி முதல் கார் பார்க்கிங் தூண்கள் வரை ஒருமுறை பார்க்கச் சொல்லி, அந்தப் பட்டியலை அப்படியே பில்டருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடலாம். ஒப்புகை அட்டையைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.