நிலம் அதிராமலும் சுனாமி வரும்: புவி அறிவியல் அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

செயலாளர் அவர்களுக்கு,
புவி அறிவியல் அமைச்சகம், பிருத்வி பவன், புது தில்லி.



2004 டிசம்பர் 26 காலையில் நாகப்பட்டினமும் கடலூரும் கன்னியாகுமரியும் ஒரு வார்த்தை எச்சரிக்கைகூட இல்லாமல் உயிர்களைப் பறிகொடுத்தன. அதன் பிறகு 2007இல் ஐதராபாத்தில் உங்கள் அமைச்சகம் அமைத்த சுனாமி முன்னெச்சரிக்கை மையத்தின் அருமை இந்தக் கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த நன்றியோடுதான் அதில் உள்ள ஓர் இடைவெளியைச் சொல்கிறோம். மையத்தின் வேலை நிலநடுக்கத்தில் தொடங்குகிறது. ஆழ்கடலில் அழுத்தமானிகள் இருக்கின்றன, துறைமுகங்களில் கடல்மட்டமானிகள் இருக்கின்றன; ஆனால் முதல் தகவலைத் தருவது நில அதிர்வுமானிதான். கடலடியில் குவிந்த வண்டல் பெருந்திரளாகச் சரிந்தாலும் சுனாமி எழும். அந்தச் சரிவுக்கு முன் பெரிய நிலநடுக்கம் வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதை உலகம் கற்றுக்கொண்ட விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1998 ஜூலை 17 மாலை பப்புவா நியூ கினியின் வட கரையில் 7 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. சிறிது நேரத்தில் சிசானோ காயலை ஒட்டிய ஊர்களின் மேல் 15 மீட்டர் வரை அலை எழுந்து விழுந்தது. 2,100க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த அளவு நிலநடுக்கத்தால் அவ்வளவு பெரிய அலை எழ முடியாது. அழிவும் கரையின் ஒரு சிறு பகுதியோடு நின்றிருந்தது. நிலநடுக்கத்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்குகள் பொருந்தவில்லை.

பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் டேவிட் டாப்பின் கடலடி வண்டலையும் சரிவுகளையும் படிப்பவர். 1999 ஜனவரியில் ஜப்பானின் கைரெய் கப்பலில் போன பன்னாட்டுக் குழுவில் அவரும் இருந்தார். ஒலியலை அனுப்பிக் கடலடியை வரைந்தபோது, அழிந்த ஊர்களுக்கு எதிரே வட்ட அரங்கு போன்ற பள்ளமும், அதற்குள் சரிந்து கிடந்த பெரும் வண்டல் திணிவும் தெரிந்தன. சரிவுதான் அலையை எழுப்பியது என்று அவர்கள் சொன்னதை எல்லோரும் உடனே ஏற்கவில்லை. விவாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2003இல் நில அதிர்வு ஆய்வாளர் எமில் ஒகால், தொலைவில் வேக் தீவுப் பக்கம் இருந்த நீரடி ஒலிவாங்கியின் பதிவை ஆராய்ந்து, நிலநடுக்கத்துக்கு 13 நிமிடம் கழித்து அந்தச் சரிவு நடந்ததைக் காட்டினார். கடலடிச் சரிவு பெரிய சுனாமியைக் கிளப்பாது என்ற பழைய நம்பிக்கை அத்தோடு தளர்ந்தது. ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கு என்ன பயன் என்று மதிப்பீட்டுக் குழுக்கள் கேட்கும்போது, கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல் இந்த வகை மாற்றத்தைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஆனால் ஆய்வு மட்டும் போதாது. 2012இலேயே ஜியாசெட்டி என்பவரின் குழு, இந்தோனேசியாவின் அனக் கிரகட்டாவ் எரிமலையின் தென்மேற்குப் பக்கம் கடலுக்குள் சரிந்தால் அலை எப்படிப் பரவும் என்று கணித்து வெளியிட்டிருந்தது. 2018 டிசம்பர் 22 இரவு அந்தப் பக்கம்தான் சரிந்தது. பெரிய நிலநடுக்கம் இல்லாததால் சங்கு ஒலிக்கவில்லை. 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கட்டுரை எச்சரிக்கை மணியாக மாறுவதற்கான வழியை ஆறு ஆண்டுகளில் யாரும் போட்டிருக்கவில்லை.

இனி நம் கடலுக்கு வருவோம். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் வண்டல் வங்கக் கடலடியில் சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு விசிறியாகப் படிந்திருக்கிறது. உலகின் மிகப் பெரிய கடலடி விசிறி அதுதான். கிருஷ்ணா, கோதாவரி முகத்துவாரங்களுக்கு வெளியே பழைய சரிவுகளின் படிவுகளை நம் ஆய்வாளர்களே கண்டிருக்கிறார்கள். அதே கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில், உருகினால் வண்டலைத் தளர்த்தக்கூடிய, பனிக்கட்டி போல உறைந்த மீத்தேன் படிவு இருப்பதை 2006இல் துளையிட்டு உறுதிசெய்தார்கள். அங்கே ஒரு புதிய ஆழ்கடல் வயலிலிருந்து எண்ணெயும் 2024 ஜனவரியில் வரத் தொடங்கிவிட்டது.

மக்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. பயப்பட வேண்டாம் என்று சொல்வதற்கும் ஆய்வு வேண்டும். நார்வேக்கு அப்பால் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் ஸ்டோரேகா என்ற மாபெரும் சரிவு நடந்தது. அந்தத் தழும்புக்குள்ளேயே ஓர்மன் லாங்க எரிவாயு வயல் கிடைத்தபோது, மறுபடி சரியுமா என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். இன்னொரு பனியுகம் வந்து புது வண்டல் குவிந்தால்தான் அப்படி ஒரு சரிவு வரும் என்று தெரிந்த பிறகே 2007இல் எரிவாயு எடுத்தார்கள். கிருஷ்ணா-கோதாவரி சரிவு பற்றி மசூலிப்பட்டினத்து மீனவருக்கும் அப்படி ஒரு தெளிவான பதில் கிடைக்க வேண்டும்.

சரிவால் அறுபடக்கூடிய கடலடிக் கேபிள்களும் இருக்கின்றன. 2020 ஜனவரியில் காங்கோ ஆற்றுக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கில் ஓடிய வண்டல் வெள்ளம் 1,100 கிலோமீட்டருக்கு மேல் போய்த் தொலைத்தொடர்பு கேபிள்களை அறுத்ததை, டரம் பல்கலைக்கழகத்தின் பீட்டர் டாலிங் குழு பதிவுசெய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் திறக்கப்பட்டது.

2021இல் 4,077 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் இயக்கத்தின் ஆறு பிரிவுகளில் கடலடிச் சரிவுக்கென்று தனிப் பிரிவு இல்லை. அடுத்த கட்டத்தில் அதை ஏழாவதாகச் சேருங்கள். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் சாகர் நிதி கப்பலுக்கு இந்த வேலைக்கென்றே ஆண்டுதோறும் நாட்களை ஒதுக்குங்கள். அந்தக் கேபிள் போய்ச் சேரும் அந்தமான் பக்கக் கடலடிச் சரிவிலிருந்து தொடங்கலாம். எண்ணெய் நிறுவனங்கள் எடுத்த கடலடிப் படங்கள் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு எட்டும்படி பெட்ரோலியத் துறையோடு பேசுங்கள். வண்டல் படிக்கும் இளம் ஆய்வாளர்களுக்குப் பத்தாண்டு நிதி கொடுங்கள். ஒரே சரிவை மீண்டும் மீண்டும் அளந்தால்தான் எது நகர்கிறது என்று தெரியும், மூன்றாண்டுத் திட்டத்தில் அது முடியாது. கடைசியாக, அதிர்வு பதிவாகாமல் கடல்மட்டம் மட்டும் மாறினால் ஐதராபாத் மையம் யாரை, எத்தனை நிமிடத்தில் அழைக்கும் என்பதைக் கடலோர மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அமைச்சகத்தின் பதில் வந்தால் அதை முழுமையாக இதே பக்கத்தில் வெளியிடுவோம்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு