ஸ்பிரிங்கை யார் கழற்றுவது?

காரின் ஸ்பிரிங்கை வீட்டு முற்றத்தில் நாமே மாற்றிக்கொள்வதா, திருத்தகத்துக்குக் கூலி கொடுத்து மாற்றுவிப்பதா என்ற வாதம் மட்டக்களப்பில் அடிக்கடி காதில் விழுகிறது. காரணம் வெளிப்படையானது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களை மீண்டும் இறக்குமதி செய்ய அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில்தான். அப்போதும் வரியைக் கணக்குப் பார்த்தவர்கள் பலர், கையிலிருந்த பழைய காரே போதும் என்று திரும்பிவிட்டனர். எனவே, எப்போதோ கைமாறியிருக்க வேண்டிய கார்கள் இன்றும் அதே உரிமையாளர்களிடம் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எங்கள் பிரதேசத்தில் ஸ்பிரிங் சீக்கிரம் பழுதாவதற்கு வேறு காரணங்களும் உண்டு. எழுவான்கரை கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலம். உப்புக்காற்று இரு பக்கமும் வீசுகிறது. சுருள் ஸ்பிரிங்கின் அடிவளையம் ஒரு கிண்ணம் போன்ற இருக்கையில் அமர்ந்திருக்கும். மணலும் உப்பு ஈரமும் அந்தக் கிண்ணத்தில்தான் தங்குகின்றன. முதலில் பூச்சு உரியும், பின்பு துரு பிடிக்கும், ஒரு நாள் அந்த அடிவளையமே முறியும். வாவிக்கு அப்பால் படுவான்கரையின் கிரவல் வீதிகளை மாரிவெள்ளம் ஆண்டுதோறும் குழிகளாக்கிவிடுகிறது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின் கார்கள் அப்பக்கம் இலகுவாகப் போய்வருகின்றன. அந்த இலகுவின் விலையை ஸ்பிரிங் செலுத்துகிறது.

நாமே திருத்திக்கொள்ளும் வழக்கம் எங்களுக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியதை இன்றும் பலர் நினைவுகூர்வர். கிழக்கிலும் உதிரிப்பாகம் கிடைக்காத காலத்தை இருக்கிற இரும்பை வளைத்தும் ஒட்டியும் கடந்து வந்தோம். அந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்தக் காலம் எங்களுக்கு இன்னொன்றையும் பழக்கிவிட்டது. உரிய கருவி இல்லாமலே வேலையை முடிப்பதுதான் கெட்டித்தனம் என்ற எண்ணம் அது. கருவி கிடைக்காத காலத்தில் அது தவிர்க்க முடியாததாக இருந்தது. கருவி கிடைக்கும் காலத்திலும் அதையே பெருமையாகக் கொள்வது ஆபத்து.

ஸ்பிரிங் எல்லாம் ஒன்றல்ல. லொறிகளிலும் பழைய ஜீப்புகளிலும் அடுக்கடுக்கான தகடுகளாக இருப்பது ஒரு வகை. வாகனத்தை உயர்த்தி, உறுதியான தாங்கிகளில் நிறுத்திவிட்டால், அந்தத் தகடுகளில் இருந்த இறுக்கத்தின் பெரும்பகுதி தளர்ந்துவிடும். அங்கே முதன்மையான ஆபத்து வாகனத்தின் பாரம்தான். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காத, பொறுமையுள்ள ஒருவர் ஒரு துணையோடு அந்த வேலையைச் செய்யலாம் என்பதே என் அபிப்பிராயம்.

அல்ட்டோ, வகன்ஆர், விற்ஸ் போன்ற சிறிய கார்களின் முன்பக்கம் வேறு வகை. சொக் அப்சோபரைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங் அமர்ந்திருக்கும். ஏர்ள் மக்பேர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் வகுத்த இந்த அமைப்பு 1950களில் போர்ட் கார்கள் வழியாகப் பரவியது. இதில் காரை உயர்த்திச் சில்லைக் கழற்றினாலும் ஸ்பிரிங் தளர்வதில்லை. முழுத் தொகுதியையும் வெளியே எடுத்துத் தரையில் கிடத்தினாலும் அது அமுங்கியபடியே இருக்கும். அதை அடக்கி வைத்திருப்பது உச்சியில் உள்ள ஒரேயொரு நட்டு. ஓடும்போது ஏறத்தாழ 300 கிலோ நிறையைத் தாங்கும் உருக்கு அது. ஹூக்கின் விதியைப் பாடசாலையில் படித்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. இரு மடங்கு அமுக்கினால் விசை இரு மடங்காகும், உள்ளே சேரும் சக்தியோ நான்கு மடங்காகும். ஸ்பிரிங்கை உரிய கருவியால் நெரித்துப் பிடிக்காமல் அந்த நட்டைக் கழற்றினால், சேர்ந்திருந்த சக்தி முழுவதும் ஒரு கணத்தில் வெளியேறும். குனிந்து வேலை செய்பவரின் முகம் அதன் பாதையில்தான் இருக்கும்.

ஆகவே முன் ஸ்பிரிங்கை வீட்டில் கழற்ற வேண்டாம், திருத்தகத்துக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லி இக்கட்டுரையை இங்கேயே முடித்திருக்கலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் அந்தத் திருத்தகத்தில் என்ன நடக்கிறது?

ஸ்பிரிங்கின் வளையங்களைக் கட்டுக்கம்பியாலும் கயிற்றாலும் பிணைத்துவிட்டு நட்டைக் கழற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அதைச் செய்வது பாஸ் அல்ல. தொழில் பழக வந்த பொடியன். அவன் முழங்காலுக்கிடையில் தொகுதியை இறுக்கிப் பிடித்திருப்பான். கேட்டால், “இருபது வருசமா இப்பிடித்தான் சேர், ஒண்டும் நடக்கல்ல” என்று பதில் வரும். இருபது வருடம் ஒன்றும் நடக்கவில்லை என்பது கம்பி வலியது என்பதற்குச் சான்றாகாது. அது அறுவதற்கு ஒரு தடவை போதும்.

நாம் கூலி கொடுத்ததால் அந்த ஆபத்து மறைந்துவிடவில்லை. நமது முகத்துக்கு முன்னாலிருந்து விலகி, இன்னொரு வீட்டுப் பிள்ளையின் முகத்துக்கு முன்னால் போய் நின்றது. அவ்வளவுதான். வேலைக்கு அமர்த்தும் ஆகக்குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆபத்தான தொழில்களில் 18 வயதுக்குட்பட்டவர்களை ஈடுபடுத்தவும் சட்டம் தடை விதிக்கிறது. ஆனால் சிறிய திருத்தகங்களின் பின்முற்றம் வரை சட்டம் நாள்தோறும் வந்து பார்ப்பதில்லை. அங்கே நாள்தோறும் போகிறவர்கள் வாடிக்கையாளர்கள்தான்.

எனவே நாமா, திருத்தகமா என்ற கேள்வியை விட, ஸ்பிரிங்கை நெரிக்கும் கருவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியே முதன்மையானது. அதை ஸ்பிரிங் கொம்பிரசர் என்பார்கள். சுவரிலோ நிலத்திலோ பொருத்திய பெரிய கருவி உள்ள இடம் மிகச் சிறந்தது. கொளுக்கிகள் கொண்ட இரட்டைக் கருவியும் முறையாகப் பயன்படுத்தினால் போதுமானது. அவற்றை ஸ்பிரிங்கின் இரு புறமும் நேரெதிரே மாட்டி, மாறி மாறிச் சிறிது சிறிதாகக் கையால் இறுக்க வேண்டும். காரை ஒப்படைக்கும் முன் அந்தக் கருவியைக் காட்டச் சொல்லுங்கள். பாஸிடம் அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று எங்கள் ஊரில் பலர் தயங்குகிறார்கள். வைத்தியரிடம் ஊசி புதியதா என்று கேட்க ஒரு காலத்தில் தயங்கினோம். இன்று கேட்கிறோம் அல்லவா?

நல்ல திருத்தகத்தை அறிய வேறு அடையாளங்களும் உண்டு. ஒரு பக்க ஸ்பிரிங் முறிந்தாலும் அதே அச்சில் மறுபக்கத்தையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள். றப்பர் புஷ்களின் ஆணிகளை, கார் தன் பாரத்தோடு சில்லுகளில் நிற்கும்போதே இறுதியாக இறுக்குவார்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் றப்பர் முறுக்குண்டு சீக்கிரம் கிழியும். கடைசியில் சில்லுகளின் நேரமைப்பைச் சரிபார்க்க அனுப்புவார்கள். தொய்ந்த ஸ்பிரிங்கைச் சூடாக்கி இழுத்துத் தருகிறோம் என்பவர்களிடம் நிற்கவே வேண்டாம். சூட்டோடு உருக்கின் பதமும் போய்விடும்.

இப்படிச் செய்தால் கூலி கூடும் என்பார்கள். கூடட்டும். கருவியோடு வேலை செய்பவரிடமும் கம்பியோடு வேலை செய்பவரிடமும் ஒரே கூலியை எதிர்பார்த்துப் பேரம் பேசுவது நாம்தான். குறைந்த கூலிக்குக் கருவி வாங்க முடியாது என்று திருத்தகக்காரர் சொன்னால், அதில் பாதி நியாயம் உண்டு. மறு பாதிக்கு வேறு வழி இருக்கிறது. ஒரு தெருவில் நான்கு திருத்தகங்கள் இருந்தால் நால்வரும் சேர்ந்து ஒரு கருவியை வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். அனுபவத்தால் மட்டும் தொழில் கற்றவர்களும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழைப் பெற முறை இருக்கிறது. அந்தச் சான்றிதழைச் சுவரில் மாட்டிய திருத்தகத்துக்கு நாம் முன்னுரிமை கொடுத்தால் அடுத்தவரும் பெற முயல்வார்.

முற்றத்தில் தானே வேலை செய்ய விரும்புபவரை நான் தடுக்கவில்லை. சில்லைக் கழற்றிப் பாருங்கள். அடிவளையத்தில் துரு எவ்வளவு என்று பாருங்கள். ஒவ்வொரு மாரிக்குப் பின்னும் அந்தக் கிண்ணத்து மணலை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். காசு மிச்சமாவது உண்மையில் அங்கேதான். உச்சியில் உள்ள அந்த ஒற்றை நட்டை மட்டும் கருவியில்லாத கை தொடக்கூடாது. அது உங்கள் கையானாலும் சரி, நீங்கள் கூலி கொடுத்த பொடியனின் கையானாலும் சரி.