திடலின் ஓரத்தில் ஒரு சிறுவன்



அமெரிக்க நாட்டின் ஜார்ஜியா மாநிலத்தில் கான்யர்ஸ் என்றோர் ஊர் உண்டு. 1997-ஆம் ஆண்டில் அவ்வூர்ச் சிறுவர்கள் பேஸ்பால் பயின்றுவந்த திடலுக்கு ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் தவறாது வந்துகொண்டிருந்தான். அவன் வந்தது ஆடுவதற்கு அன்று; தன் ஐந்து வயதுத் தம்பி ஆடுவதைக் கண்டு உற்சாகமூட்டுவதற்கே. ஏனெனில், அவன் சக்கர நாற்காலியில் இருந்தவன். ஒருநாள் அங்கிருந்த பயிற்சியாளர் அவனையும் தம் அணியில் சேர்ந்து ஆட அழைத்தார். அந்த ஓர் அழைப்பிலிருந்து 1998-இல் ‘மிராக்கிள் லீக்’, அதாவது ‘அற்புதக் கழகம்’ என்னும் அமைப்பு பிறந்தது.

கிரிக்கெட் அறிந்த நமக்குப் பேஸ்பால் விளங்காத ஆட்டம் அன்று. சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள். பந்தை அடித்தவர் மட்டையைப் போட்டுவிட்டு மூன்று தளங்களையும் வரிசையாகச் சுற்றி, புறப்பட்ட தளத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். இடையில் எதிரணியினர் பந்தைக் கொண்டு அவரை மடக்கிவிட்டால் அவர் ஆட்டமிழப்பார். விரைந்து ஓடுவதே இவ்வாட்டத்தின் உயிர் எனலாம். அவ்வாறாயின், கால்கள் நடவாத குழந்தை இதனை எங்ஙனம் ஆடும்?

கான்யர்ஸ் மக்கள் குழந்தையை விதிக்கு ஏற்ப மாற்ற முயலவில்லை. விதியைக் குழந்தைக்கு ஏற்ப மாற்றினர். ஒவ்வொரு சுற்றிலும் எல்லாக் குழந்தைகளும் ஒருமுறை மட்டை பிடிப்பர். தளத்தை நோக்கிச் செல்பவர் எவரும் ஆட்டமிழப்பதில்லை. சுற்று முடியுமுன் ஒவ்வொருவரும் ஓர் ஓட்டம் எடுத்துவிடுவர்; இறுதியாக மட்டை பிடிக்கும் குழந்தைக்கு முழுச் சுற்றும் வரும் ‘ஹோம் ரன்’ உரியது. ஒவ்வொரு குழந்தைக்கும் உடல்நலமுள்ள ஒரு சிறுவனோ பெரியவரோ துணைவராக உடன் நிற்பார்.

1999-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் 35 குழந்தைகள் நான்கு அணிகளாக ஆடத் தொடங்கினர். ஆயினும் பொதுத் திடலின் தரை, சக்கர நாற்காலிகளுக்கும் ஊன்றுகோல்களுக்கும் இடர் விளைப்பதாக இருந்தது. அவ்வூர் ரோட்டரி சங்கத்தார் முன்வந்து துணைபுரிய, மேடுபள்ளமின்றி மெத்தென்ற ரப்பர் தளம் பரப்பிய தனித்திடல் ஒன்று 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்டது.

“தோல்வியே இல்லாத ஆட்டம் ஓர் ஆட்டமா?” என்று நீங்கள் வினவலாம். நியாயமான வினாவே. குழந்தைக்கு அது போதும், வளர்ந்தவருக்குப் போதாது. வென்றால் தம் திறமையால் வெல்லவும், தோற்றால் மெய்யாகவே தோற்கவும் அவர் விரும்புவார். அத்தகையோர் ஆடுவதே சக்கர நாற்காலி சாஃப்ட்பால். அமெரிக்காவில் இதற்கென ஒரு தேசியச் சங்கம் 1976-இல் தோன்றியது.

இதனைப் புல்தரையில் ஆடுவதில்லை. வாகனங்கள் நிறுத்தும் இடம் போன்ற கெட்டியான, சமமான தரையே இதன் திடல். பேஸ்பாலில் தளங்களுக்கு இடையே 90 அடி. இங்கோ 50 அடி. கிரிக்கெட் பந்தின் சுற்றளவு ஏறத்தாழ 9 அங்குலம் எனில், இப்பந்தின் சுற்றளவு 16 அங்குலம். பெரிய பந்தாதலால் கையுறையின்றியே பிடிக்கலாம். சக்கரத்தை உருட்டக் கைகள் தடையின்றி இருக்க வேண்டுமல்லவா?

இவற்றினும் சிந்திக்கத் தக்க விதி ஒன்றுண்டு. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் உடல் இயக்கத்தின் அளவுக்கேற்ப 1, 2, 3 எனப் புள்ளி வகுத்துள்ளனர். இயக்கம் மிகுந்தவருக்கு 3, குறைந்தவருக்கு 1. களத்திலுள்ள பத்துப் பேரின் புள்ளிகளும் சேர்ந்து 22-ஐத் தாண்டலாகாது. வலியவர் பத்துப் பேரையே பொறுக்கினால் 30 ஆகிவிடும்! ஆகவே எளியவரைச் சேர்க்காமல் எந்த அணியும் களமிறங்க இயலாது. அவரை இரக்கப்பட்டுச் சேர்த்ததாக எவரும் சொல்ல முடியாது; அவரின்றி அணியே இல்லை.

அன்பர்களே, கடல் கடந்த இவ்விளையாட்டைப் பற்றி இங்கு எழுதுவானேன்? ஞாயிறுதோறும் நம் குடும்பங்கள் திருப்பலிக்குப் புறப்படுகையில், சில இல்லங்களில் ஒரு குழந்தை மட்டும் பாட்டியுடன் வீட்டில் தங்கிவிடுகிறது. விருந்தினர் வந்தால் அக்குழந்தை உள்ளறைக்குச் சென்றுவிடுகிறது. பெற்றோருக்கு அன்பில்லை என்பதன்று. பிறர் பார்வைக்கு அஞ்சுகின்றனர்; தூக்கிச் செல்லும் சிரமமும் உண்டு. அவர்களைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. “நாங்கள் தூக்கிக்கொள்கிறோம், அழைத்து வாருங்கள்” என்று அண்டை வீட்டாராகிய நாம் என்றேனும் சொன்னதுண்டா?

யோவான் நற்செய்தியில் பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்த ஒருவரைக் காண்கிறோம். தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஓர் ஆளில்லை என்பதே அவர் முறையீடு. நம் ஆண்டவர் அவரைக் குணமாக்குமுன் அவருடைய விருப்பம் என்னவென்று கேட்டார் என்பதையும் கருதுங்கள். நாமோ உடற்குறை உள்ளவருக்காக எல்லாவற்றையும் தீர்மானிக்கிறோம். அவரிடம் கேட்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். அவருக்குப் பாடகர் குழுவில் பாட ஆசை இருக்கலாம். பீடச் சிறுவனாகப் பணிபுரிய ஆசை இருக்கலாம். பங்குத் திருவிழா விளையாட்டில் தோற்றுப் பார்க்கவும் ஆசை இருக்கலாம்.

அடுத்த ஞாயிறன்று ஆலயத்தினுள் நுழையுமுன், வாயிற்படிகள் எத்தனை என்று உங்கள் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையெனில், திருப்பலி முடிந்ததும் பங்குத் தந்தையிடம் அதைப் பற்றிப் பேசுங்கள். அன்று மாலையே, உங்கள் தெருவில் வெளியே வராத குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஒருமுறை சென்று வாருங்கள்.